ஷிங்காளா கேட்டால் கெளுத்திதான் வருமா?

மும்பைச் சந்தையில் கெளுத்தி வாங்குவோர் முதலில் சறுக்குவது பெயரில். கடல் கெளுத்திக்கு மராத்தியில் ஷிங்காளா. ஷிங் என்றால் கொம்பு. அதன் முள்ளை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது. நாக்கு பிசகி ஷிங்காடா என்று கேட்டால், விரதத்துக்கு மாவு அரைக்கும் நீர்க்கொட்டை அது! கானாங்கெளுத்தி வேண்டுமா, பாங்க்டா என்று கேளுங்கள். பெயரில் கெளுத்தி ஒட்டியிருந்தாலும் அதற்கு மீசையும் இல்லை, உறவும் இல்லை.

நன்னீர் மீனான மாங்கூரையும் சிலர் கெளுத்தி என்றே விற்பார்கள். வாலைப் பாருங்கள். கடல் கெளுத்திக்குக் கவையாகப் பிளந்திருக்கும். மாங்கூருக்கு வட்டமாக இருக்கும், முதுகுத் துடுப்பும் வால்வரை ஓடும். ஆப்பிரிக்க மாங்கூரை இந்தியாவில் வளர்க்கவே தடை.

கடல் கெளுத்தியின் எடையில் கணிசமான பங்கு தலைதான், அதுவும் எலும்புக் கவசம். நான்கு பேருக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போட்டால் சதைத் துண்டு பற்றாது. ஒன்றரைக் கிலோ வாங்குங்கள்.

முள்ளில் அசட்டை கூடாது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, மூன்றிலும் ரம்பப் பல்லும் நஞ்சும் உண்டு. செத்த மீனிலும் விறைத்து நிற்கும். பையில் அப்படியே போட்டால் பை கிழியும், லோக்கல் ரயில் நெரிசலில் அடுத்தவர் காலும் கிழியும். வெட்டுபவரிடமே மூன்றையும் அடியோடு எடுக்கச் சொல்லுங்கள். குத்திவிட்டால் ஐஸ் வைக்காதீர்கள். நஞ்சு சூட்டில் சிதையும். தாங்குமளவு வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கிவைத்து, பிறகு மருத்துவரைப் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

செதில் இல்லாத மீன், வழவழப்புதான் கவிச்சி. வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. கல்லுப்பும் புளியும் வைத்து மூன்று முறை தேய்த்து, தோல் கையில் சொரசொரப்பாகப் படும்வரை கழுவுங்கள். செவுளும் முதுகெலும்போரத்து ரத்தக்கட்டும் மிச்சமிருந்தால் குழம்பே நாறும். குழம்பு கொதித்ததும் தலை முதலில். ஐந்து நிமிடம் கழித்துத் துண்டுகள். அப்புறம் கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றினால் போதும்.

வாய்க்குள் கோலிக்குண்டு போல முட்டைகள் இருந்தால் பதறவேண்டாம். ஆண் மீன் முட்டையை வாயில்தான் அடைகாக்கும். அதுவரை இரை எடுக்காது, சதை மெலிந்திருக்கும். அதை விட்டுவிட்டு வேறு மீன் கேளுங்கள். அடைகாக்கும் ஆண்கள் கூட்டங்கூட்டமாகச் சுருக்குமடி வலையில் அகப்பட்டதும் மேற்குக் கரையில் கெளுத்தி குறைந்ததற்கு ஒரு காரணம்.