'சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்' என்றால்

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் 19 வருடமாக வக்கீல் குமாஸ்தா. குடியிருப்பது காசிமேட்டில். ராத்திரி போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே சேதிதான்: "அண்ணே, பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பதறுவதற்கு முன்னால் மணியைப் பாருங்கள். எதிர்வீட்டு அக்கா, மகனைக் கூட்டிப் போனதுமே தினக்காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் '9.40, ரெண்டு பேர், மஃப்டி' என்று எழுதி வைத்தார். ஸ்டேஷன் காகிதத்தில் கைது நேரம் மறுநாள் காலை 7 மணி! கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்தக் கணக்கில்தான் இப்படி விளையாடுவார்கள்.

அப்புறம் மரியாதையாகக் கேளுங்கள்: "சார், இது கைதா, விசாரணையா?" விசாரணைதான் என்றால் எழுத்தில் நோட்டீஸ் கேட்கலாம். சந்தேக நபருக்கு பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டம்) பிரிவு 35(3), சாட்சிக்குப் பிரிவு 179. சாட்சியாக விசாரிக்க பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்கும் தகவல் தர வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில்தான் நம் பையன்கள் ஏமாறுகிறார்கள். கைதுக் குறிப்பில் கையெழுத்து கேட்பது முறைதான், படித்துவிட்டு, தேதியும் நேரமும் சரியா என்று பார்த்துப் போடலாம். விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்தே தேவையில்லை, சட்டமே வேண்டாம் என்கிறது. வெள்ளைத் தாள் நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

பெயர், விலாசம் சொல்லுங்கள். தன்னையே மாட்டிவிடும் பதிலைச் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 20(3) அதற்குத்தான். போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்று தைரியமாகப் பேசிவிடவும் கூடாது. 'கத்தியை அந்தப் படகுக்கு அடியில் வெச்சேன்' என்று சொல்லி, கத்தி அங்கே கிடைத்துவிட்டால் அந்த ஒரு வரி செல்லும்.

விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க உரிமை உண்டு, முழு நேரமும் பக்கத்தில் உட்காரத்தான் விட மாட்டார்கள். காசில்லையென்றால் 15100-க்குப் போன் போடுங்கள், இலவச சட்ட உதவி.

அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அப்போதே சொல்ல வேண்டும். கூட்டி வந்த ஏட்டு பக்கத்திலேயே நிற்பார், பையன் தலையைக் குனிந்துகொள்வான். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.