‘ஆண்டவர் பார்த்துக்குவார்’: விசுவாசமுள்ள பெற்றோர் சறுக்கும் இடங்கள்

காசிமேட்டில் ஜெபித்துப் படகைக் கடலுக்கு விடுகிறவர்கள், டீசலும் ஐஸும் ஏற்றாமல் விடுவதில்லை. பிள்ளை விஷயத்தில்தான் ஜெபித்ததோடு நம் வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். மோசேயின் தாய் அப்படி இருக்கவில்லை. பார்வோன் ராஜாவின் ஆட்கள் கொன்றுவிடாதபடி பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசினாள். அதன்பிறகே ஆற்றோரம் வைத்தாள்.

இந்தத் தவறு உயிருக்கே வினையாவது காய்ச்சலில். மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீர் தேங்கினால் கொசு பெருகும். எண்ணெய் பூசி ஜெபியுங்கள், யாக்கோபு 5:14 சொல்வதுதான். ஆனால் ‘மூன்று நாள் உபவாசம் முடியட்டும்’ என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், 3 முதல் 7ஆம் நாளுக்குள் வருகிறது. ‘ஜெபத்தில் விட்டுவிட்டது’ என்று நாம் நிம்மதியாகும் அதே நாள்! விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே காத்திருக்கக் கூடாது. சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தர் சொன்ன பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி.

குடும்ப ஜெபத்தைத் திட்டும் நேரமாக்குவது இன்னொன்று. ‘ஆண்டவரே, இவன் போனை விடமாட்டேங்கிறான், நீரே இவனைத் திருத்தும்’ என்று பிள்ளை காதுபடச் சொன்னால் அது ஜெபமல்ல, கண்ணை மூடிக்கொண்டு போடும் ஏச்சு. பிள்ளை நாளடைவில் ஜெபத்தையே வெறுக்கும். போன் பற்றிப் பகலில் நேராகப் பேசுங்கள். இரவில் ஒரு வசனம், ஐந்து நிமிஷம் போதும். ‘உனக்காக என்ன ஜெபிக்கட்டும்?’ என்று கேளுங்கள். ‘பிள்ளைக்கு நாங்கள் செய்யவேண்டியதைக் கற்பியும்’ என்றுதான் சிம்சோனின் தகப்பன் மனோவா ஆண்டவரிடம் கேட்டான்; நியாயாதிபதிகள் 13:8ஐப் படித்துப் பாருங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை, அதாவது அந்த வருஷத்துக்கென்று தரும் வசன அட்டையை, பிளஸ் டூ மார்க்குக்கு உத்தரவாதமாக்காதீர்கள். மார்க் குறைந்தால் ‘என் விசுவாசம் போதவில்லை’ என்று பிள்ளை தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும்.

பொருத்தனையிலும், அதாவது ஆண்டவருக்குச் செய்யும் நேர்ச்சையிலும், கவனம் வேண்டும். ‘உன்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன்’ என்று பதினைந்து வயதில் சொன்னால், அது தலையில் ஏற்றிய கடன். அன்னாள் தன் பொருத்தனைப்படி மகன் சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். ஆனாலும் கர்த்தர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவனும் தானே பதில் சொன்னான். பொருத்தனை பண்ணியிருந்தால் முதலில் உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.