பிள்ளைக்கு ஃப்ளூ மருந்து: கைதவறும் இடங்கள்

ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பல வீடுகளில் மூன்று நாள் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாலம் தாண்டி ராமநாதபுரம் கிளம்புவார்கள். ஃப்ளூவாக இருந்தால் அந்த மூன்று நாளே பெரிய இழப்பு. ஒசெல்டமிவிர், ஃப்ளூ வைரஸ் ஒரு செல்லை விட்டு வெளியேறிப் பரவாமல் தடுக்கும் மருந்து. அதனால் காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். திடமான பிள்ளைக்கு லேசான ஃப்ளூ என்றால் இந்த மருந்து இல்லாமலே சரியாகிவிடலாம். 2 வயதுக்குக் கீழே என்றாலோ, ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தாலோ முதல் நாளே டாக்டரிடம் போங்கள். டெஸ்ட் முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். நாள் கடந்திருந்தாலும், அட்மிட் ஆகுமளவு முற்றிய பிள்ளைக்கு மருந்து உண்டு.

அதிகம் தவறுவது அளவில்தான். ஒரு வயதுக்கு மேல் எடைதான் கணக்கு: 15 கிலோ வரை ஒரு வேளைக்கு 30 மி.கி., 23 வரை 45, 40 வரை 60, அதற்கு மேல் 75. தினம் இரண்டு வேளை, 5 நாள். ஒரு வயதுக்குள் டாக்டர்தான் கணக்கிட வேண்டும். சீட்டில் இருப்பது மி.கி., நாம் ஊற்றுவது மி.லி. 18 கிலோ பிள்ளைக்கு 45 மி.கி. என்றால், மி.லி.க்கு 12 மி.கி. உள்ள பாட்டிலில் 3.75 மி.லி.; 6 மி.கி. பாட்டிலில் 7.5 மி.லி. போன தடவை ஊற்றிய அளவையே ஊற்றினால் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும். லேபிளைப் படித்து, சிரிஞ்சில் எடுங்கள். சமையல் கரண்டி ஆகாது. ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கினால் முதல் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கெட்டியாகவும் போகும்.

பொடியில் தண்ணீர் விட்டுக் கலக்கிய மருந்தை மீன் ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள், உறையக் கூடாது. எத்தனை நாள் தாங்கும் என்பது லேபிளில் இருக்கும். மிச்சத்தைத் தம்பி தங்கைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

இந்த மருந்தில் வாந்தி வருவது சகஜம். கஞ்சி குடித்த பிறகு கொடுத்தால் குறையும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டாலும் 5 நாளும் முடியுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்ததை இரட்டிப்பாக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது: ஃப்ளூ கண்ட பிள்ளைக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் நோய் வரலாம். மழைக்காலம் டெங்குக்கும் காலம் என்பதால் ஐபுப்ரோஃபெனையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப எழுப்பத் துவண்டாலோ விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.