இறந்தவர்களுக்காகச் செபிக்கும்போது விடக்கூடாத பிழைகள்

நவம்பர் பிறந்தால் மலையகத் தோட்டங்களில் கல்லறை துப்புரவு தொடங்கிவிடும். தேயிலைக்கு நடுவே கிடக்கும் மண்மேடுகளில் மானாப்புல்லை வெட்டி, சாய்ந்த சிலுவையை நிமிர்த்தி, மழைக்கு அணையாமல் போத்தலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டு, ஒரு வார்த்தை செபிக்காமல் லயத்துக்கு இறங்கிவிடுகிறோமே, அதுதான் முதல் பிழை.

"அவர் மோட்சத்துக்குப் போயிட்டார், இனி எதுக்குச் செபம்?" என்று துக்க வீட்டிலேயே முடிவு கட்டுவது அடுத்தது. கடவுளின் அருளில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் செபம் உதவும் என்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. போரில் மடிந்தவர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே 2000 திராக்மா வெள்ளி திரட்டி எருசலேமுக்குப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்பினார் (2 மக்கபேயர் 12). 31ஆம் நாள் பூசையோடு நிறுத்திவிடாதீர்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பிள்ளையின் பெயரைப் பூசைக்குக் கொடுக்கத் தாயே தயங்குகிறாள். அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்வார்களோ என்ற பயம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இப்படி வேண்டுமென்றே உயிரை விட்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. பெரியவர்கள் மனதில் அதுதான் நிற்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறுப்புப் பட்டியலில் அவர்கள் இல்லை. கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்புத் தரமுடியும், அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2283) சொல்கிறது. அம்மா, தைரியமாகப் பெயரைக் கொடுங்கள்.

ஞானஸ்நானம் பெறாத அப்பாயி, தாத்தாவையும் விட்டுவிடவேண்டாம். நம் குடும்பங்களில் பாதிப்பேர் சைவம்தானே. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் (1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 901). கையில் காசில்லையென்றும் பின்வாங்காதீர்கள்: காணிக்கை கிடைக்காவிட்டாலும் ஏழைகளின் வேண்டுதல் கருத்துக்காகப் பூசை வைக்கும்படி குருக்களைச் சட்டம் 945 கேட்டுக்கொள்கிறது. கடன்பட்டு ஊருக்கே சோறு போட்டுவிட்டு, பூசைக்கு மட்டும் வசதியில்லை என்பது சரியா?

செத்தவரின் மனக்குறையை அறியக் குறி கேட்கப் போவது அறவே கூடாது.

பரிபூரணப் பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்காக இன்னும் அனுபவிக்கவேண்டிய தண்டனை முழுவதையும் நீக்கும் அருளை, தவறவிடுவோரும் நிறைய. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக மனதுக்குள் செபித்தாலே போதும், நாளொன்றுக்கு ஒரு பலனை அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பாவத்தின்மேல் எந்தப் பற்றும் இருக்கக்கூடாது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காகச் செபம் ஆகியவையும் வேண்டும். "சுவாமி மாசத்துக்கு ஒருக்காத்தானே வாறார்" என்று கைவிடாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தை ஏறக்குறைய 20 நாள் முன்னோ பின்னோ செய்யலாம், பல நாள் பலன்களுக்கும் அந்த ஒன்றே போதும். நற்கருணை மட்டும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியாக வாங்கவேண்டும். அன்றே வாங்குவது நல்லது. பாப்பரசருக்கு ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னால் சரி.