ஆர்தர் டென்ட்டாக ஆடும்போது செய்யக்கூடாத தவறுகள்

டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ நாவலைக் கரைத்துக் குடித்தவர்களும் அதன் கணினி விளையாட்டில் தடுக்கி விழுவார்கள். 1984இல் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் எழுதிய விளையாட்டு இது. நாவலின் நாயகன் ஆர்தர் டென்ட்டாக நாம் ஆட வேண்டும். படமே கிடையாது. திரையில் வரும் வர்ணனையைப் படித்து, ‘விளக்கைப் போடு’, ‘கவுனை அணி’ என்பது போன்ற கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து நகர வேண்டும்.

முதல் தவறு, நாவலை வழிகாட்டியாகக் கொள்வது. புல்டோசர் முன் படுப்பது, மதுக்கடைக்குப் போவது வரை அது கைகொடுக்கும். பூமியை அழிக்கும் வேற்றுக்கிரகவாசிகளான வோகன்களின் கப்பலில் ஏறியதும் கைவிட்டுவிடும். அந்நிய மொழிகளைப் புரியவைக்கும் பேபல் மீனை நாவலில் ஆர்தரின் நண்பன் ஃபோர்டு அவன் காதில் செருகிவிடுகிறான், அவ்வளவுதான். இங்கே அதைத் தருவது ஓர் இயந்திரம். பொத்தானை அழுத்தினால் மீன் பாய்ந்து சுவரிலுள்ள துளைக்குள் போய்விடும். கவுனைக் கொக்கியில் மாட்டித் துளையை மறைத்தால், தரையிலுள்ள வடிகாலில் விழும். வடிகால்மேல் துண்டைப் போட்டால், துப்புரவு ரோபோ ஒன்று ஓடிவந்து அள்ளிக்கொண்டு போகும். அது வரும் வழியில் ஃபோர்டின் பையை வைத்தால், பறக்கும் ரோபோ ஒன்று மீனைத் தட்டிச் செல்லும். பையின்மேல் விளம்பரத் தபால் குவியலை வைத்தால்தான் அந்த ரோபோ காகிதம் பொறுக்கப் போகும், மீன் காதுக்கு வரும். இயந்திரத்தில் மீன்கள் கொஞ்சமே உண்டு என்பதால் சும்மா அழுத்திப் பார்ப்பதும் தவறு. தபாலோ பூமியில், வீட்டு வாசலில் கிடந்தது. எடுக்காமல் வந்திருந்தால் திரும்பிப் போக பூமியே இல்லை. இந்தப் புதிரின் புகழைப் பார்த்து, ‘எனக்குப் பேபல் மீன் கிடைத்தது’ என்று அச்சிட்ட டி-சட்டையையே இன்ஃபோகாம் விற்றது!

ஒரே கோப்பில் மேலும் மேலும் சேமிப்பதும் ஆபத்து. மதுக்கடையில் வாங்கிய சீஸ் சாண்ட்விச்சை வெளியே நிற்கும் நாய்க்குப் போடாவிட்டால், அப்போது ஒன்றும் ஆகாது. வெகுநேரம் கழித்து, ஒரு குட்டி விண்கலப் படையோடு சேர்த்து அந்த நாய் உங்களை விழுங்கிவிடும். ஆகவே பூமியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சேமிப்பைத் தனியாக வைத்திருங்கள்.

விளையாட்டு சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஆர்தர் பிறகு போய்ச்சேரும் ‘தங்க இதயம்’ என்ற விண்கலத்தின் எஞ்சின் அறைக்குள் போக விடாமல் நச்சரிக்கும். மீறி நுழைந்தால், பார்க்க ஒன்றுமில்லை என்று கூசாமல் பொய் சொல்லும். ‘பார்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால்தான் வழிக்கு வரும். இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். அந்தக் கப்பலிலுள்ள ரோபோ மார்வினின் விஷயம் வேறு. அது கடைசியில் ஒரு கருவி கேட்கும். பல் துலக்கும் பிரஷ் உட்பட கப்பலெங்கும், பூமியிலும் சிதறிக் கிடக்கும் பத்துக் கருவிகளில் உங்களிடம் எது இல்லையோ, அதையே கேட்கும். இது நகைச்சுவையல்ல, அழும்பு. மீனுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் மண்டையை உடைத்துக்கொள்ளுங்கள். கருவிப் பட்டியலை மட்டும் வெட்கப்படாமல் விடைக் குறிப்பில் பார்த்துவிடுங்கள்.