சர்வரில் அச்சாகிறது, மற்ற கணினிகளிலிருந்து அச்சாகவில்லை: கப்ஸ் பகிர்வைச் சரிசெய்யும் முறை

லினக்ஸ் சர்வரில் இணைத்த பிரிண்டர் அங்கே சோதனைப் பக்கத்தை ஒழுங்காக அச்சிட்டு, மற்ற கணினிகளிலிருந்து அனுப்பினால் மட்டும் அச்சிட மறுக்கிறது என்றால், சர்வரின் டிரைவரை அழித்து மீண்டும் நிறுவுவது பெரும்பாலும் வீண் வேலை. முதலில் வேறொரு கணினியின் பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியை இட்டு, முக்காற்புள்ளி வைத்து, லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் பயன்படுத்தும் 631 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். பக்கம் திறக்காவிட்டால், அது எந்த விதத்தில் திறக்கவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

இணைப்பு மறுக்கப்பட்டதாக உடனே பதில் வந்தால், கப்ஸ் தன் கணினிக்குள் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். கப்ஸின் அமைப்புக் கோப்பான கப்ஸ்டி.கான்ஃப்பில் (cupsd.conf) 'லிசன் லோக்கல்ஹோஸ்ட்:631' என்றிருக்கும் வரியை 'போர்ட் 631' என மாற்றி, சேவையை மீண்டும் தொடங்குங்கள். பதிலே வராமல் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள். டிசிபி 631 அங்கே அடைபட்டிருக்கும்.

பிரவுசரில் 403 என்ற பிழை எண் வந்தால் கதவு வரை வந்தாயிற்று, உள்ளே விட அனுமதி இல்லை என்று பொருள். அதே கோப்பில் 'லொக்கேஷன் /' பகுதிக்குள் 'அலோ @லோக்கல்' என்ற வரியைச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் 'அலோ ஆல்' என எழுதிவிடுவோர் உண்டு. நிர்வாகப் பகுதிக்கும் அதையே எழுதிவிட்டால் பிரிண்டரின் சாவி எல்லோர் கைக்கும் போய்விடும். '@லோக்கல்' என்பது சர்வர் நேரடியாக இணைந்திருக்கும் சப்நெட்டை (நெட்வொர்க்கின் ஒரு பகுதியை) மட்டுமே குறிக்கும் என்பதால், வைஃபை வேறு சப்நெட்டில் இருந்தால் அதன் முகவரி வரம்பைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.

ஐபி முகவரியில் திறக்கும் பக்கம் சர்வரின் பெயரை இட்டால் மட்டும் 400 என்று மறுப்பது பலரைக் குழப்புகிறது. அந்தப் பெயரைக் கப்ஸ் தன்னுடையதாக அறியவில்லை. 'சர்வர்அலையஸ்' வரியில் அதைக் குறிப்பிட்டால் போதும்.

பக்கம் திறந்தும் வேலை ஏற்கப்படவில்லை என்றால், அந்தப் பிரிண்டர் தனியாகப் பகிரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொதுப் பகிர்வை இயக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனி அமைப்பு உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் பிரிண்டரின் பெயர் பட்டியலில் தானாகத் தோன்றாவிட்டால், பிரிண்டர் இருப்பதை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி சேவை ஓடுகிறதா, யூடிபி 5353 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அறிவிப்பு வழக்கமாக ரவுட்டரைத் தாண்டாது. வேறு சப்நெட்டில் இருப்பவர்கள் ஐபிபி (நெட்வொர்க் வழியாக அச்சிடும் நெறிமுறை) முகவரியைக் கையால் இட்டுப் பிரிண்டரைச் சேர்த்துக்கொள்ளலாம்.