திருமுக்கூடல் போய்வருவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப ஒரு பழைய ஊர் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் திருமுக்கூடலைத்தான் சொல்வேன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு கோயில், அதன் சுவரில் ஒரு கல்வெட்டு. அந்தக் கல்வெட்டுக்காகவே போகலாம்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல்தான். மழை முடிந்து மார்கழி, தையில் போனால் தண்ணீரைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் எதிர்க்கரையில் இருக்கும் பழைய சீவரம் மலைக்குப் பார்வேட்டை என்கிற வேட்டைத் திருவிழாவுக்கு எழுந்தருளி, பிறகு ஆற்றைக் கடந்து இங்கே வருவார். திருவிழா பார்க்க அந்த நாள் அருமை. கல்வெட்டை நிதானமாகப் படிக்க வேறு நாள்தான் சரி.

படி 2: செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகிற ரயிலில் ஏறிப் பழைய சீவரத்தில் இறங்குங்கள். இந்தப் பாதையில் ரயில்கள் குறைவு. திரும்பும் ரயிலின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முதல்முறை நான் உச்சிவேளையில் போய்ச் சேர்ந்தேன், நடை சாத்தியிருந்தது. காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

படி 3: சிறு குன்றின் மேலிருக்கும் லட்சுமி நரசிம்மரைச் சேவித்துவிட்டு, அங்கிருந்தே ஆற்றின் அகலத்தைப் பாருங்கள். அப்புறம் பாலத்தைக் கடந்தால் தென்கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில்.

படி 4: இதற்குத்தான் நேரம் வேண்டும். பிராகாரத்தின் கிழக்குச் சுவரில் இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு. வேதப் பாடசாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலை என்ற மருத்துவமனை எல்லாவற்றுக்கும் செலவுக் கணக்கு அதில் உண்டு. வைத்தியர் பெயர் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். நோயாளிக்கு நாளுக்கு ஒரு நாழி (பழைய முகத்தல் அளவு) அரிசி, இரவில் எரிய ஒரு விளக்கு. தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம் என்று மருந்துப் பட்டியலும் இருக்கிறது. யாரோ ஒரு நோயாளி இருட்டில் பயப்படக் கூடாதென்று எண்ணெய்க்குக்கூடக் கணக்கு வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

எழுத்து புரியாதே என்று தயங்க வேண்டாம். கல்வெட்டுகளில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, நடுவே கிரந்த எழுத்தும் வரும். அச்சில் வந்த பாடத்தை வீட்டிலேயே ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் எழும்பித் தெரியும். முதலில் தெரிந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடியுங்கள், அங்கிருந்து நகருங்கள். சுண்ணாம்போ எண்ணெயோ தடவவே கூடாது.

படி 5: வெயில் தாழ்ந்ததும் கரைக்குப் போங்கள். தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. சாப்பாடும் குடிநீரும் கையோடு கொண்டுபோவது நல்லது. ரயிலை விட்டுவிட்டால் பழைய சீவரம் சாலைக்கு வந்து செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளலாம்.